அம்மாவின் டெபாசிட்டில் என் பெயர்: அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டுமா?

கோவைக்காரி:
வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு கோவைக்கே வந்துவிட்டோம். எனக்கு அமெரிக்கக் குடியுரிமை, இங்கே ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை). சம்பளமும் வரிப்பிடித்தமும் இங்கேதான். வங்கியில் ஃபாட்கா (அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்கு விவரம் கேட்கும் அமெரிக்கச் சட்டம்) படிவத்தை நீட்டினார்கள். கையோடு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் கட்டும் முதலீடு) போடச் சொல்கிறார்கள். அம்மாவின் 14 லட்ச ரூபாய் டெபாசிட்டில் என் பெயரும் இருக்கிறது, பணம் முழுக்க அவருடையது. அதையும் அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டுமா? எஸ்ஐபி போடலாமா?

தாம்பரத்து ஆடிட்டர்:
சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார், அதாவது வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை, போட வேண்டும். ஜாயின்ட் கணக்கில் உங்கள் பங்கு பாதி என்றெல்லாம் கணக்கில்லை, முழுத் தொகையையும் காட்டணும். அந்த டெபாசிட் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடும். பதற வேண்டாம், எஃப்பார் வெறும் தகவல்தான், அதற்கு வரி கிடையாது. வரி ரிட்டர்னோடு சேராது, தனியாக ஆன்லைனில் போட வேண்டும். கெடு ஏப்ரல் 15. விண்ணப்பிக்காமலேயே அக்டோபர் 15 வரை நீளும். டெபாசிட்டில் முதல் பெயர் அம்மாவுடையதா, டிடிஎஸ் அவர் பான் எண்ணில் பிடிக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். வட்டி அவருடையது என்று காட்ட அது உதவும்.

எஸ்ஐபி வேண்டவே வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் நம்மூர் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பெயர் பிஃபிக் (PFIC, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்). விற்கும்போது வரும் லாபத்தை வைத்திருந்த வருடங்களுக்கெல்லாம் பிரித்து, முந்தைய வருடங்களின் பங்குக்கு அந்தந்த வருடத்து உச்ச விகிதத்தில் வரியும், அதன்மேல் வட்டியும் போடுவார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனிப் படிவம் 8621 வேறு. பங்குச்சந்தைதான் வேண்டுமென்றால் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்குங்கள்.

கோவைக்காரி:
ரொம்ப நன்றி சார். சம்பளத்துக்கு இரண்டு பக்கமும் வரியா? ஃபாட்கா படிவத்தில் எஸ்எஸ்என் (அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்) எழுதலாமா?

தாம்பரத்து ஆடிட்டர்:
தாராளமாக எழுதுங்கள். 2015 ஒப்பந்தப்படி வங்கி தரும் விவரம் நம் வருமான வரித்துறை வழியாக அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸுக்குப் போகிறது. அதுவும் உங்கள் எஃப்பாரும் ஒத்துப்போக வேண்டும். சம்பளத்துக்கு இங்கே கட்டிய வரியை அமெரிக்க வரியிலிருந்து படிவம் 1116 மூலம் கழித்துக்கொள்ளலாம். அமெரிக்க ரிட்டர்ன் மட்டும் வருடா வருடம் போடணும்.

மயிலாப்பூர் வாசகர்:
இன்னொன்று. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிப்போருக்கான ரூபாய்க் கணக்கு) வைத்திருந்தால் வங்கியில் சொல்லி ரெசிடென்ட் கணக்காகவோ ஆர்எஃப்சியாகவோ (திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றிவிடுங்கள். அமெரிக்க மொபைல் எண்ணை விட்டுவிடாதீர்கள், அங்கத்திய வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். இணையவழி எண்ணைப் பல வங்கிகள் ஏற்பதில்லை.

கோவைக்காரி:
எண்ணை இன்னும் வைத்திருக்கிறேன். ரசீதைப் பார்த்தேன், முதல் பெயர் அம்மாதான், பான் எண்ணும் அவருடையதே. எஸ்ஐபி வேண்டாமென்று வங்கியில் சொல்லிவிட்டேன்.