மீனுக்கு வழி வெட்டுற எடத்துல மலை சரிஞ்சா என்ன பண்றது?

ஆத்தங்கரை தம்பி:
அண்ணே, ஒரு சந்தேகம். கனடாவுல ஃபிரேசர் ஆத்துல பிக் பார்ங்கிற எடத்துல பாறை சரிஞ்சு ஆத்தை அடைச்சு அஞ்சு மீட்டர் அருவி மாதிரி ஆயிடுச்சாம், 2018 கடைசியில விழுந்தது 2019 ஜூன்லதான் தெரிஞ்சிருக்கு, முட்டை போட ஆத்துல எதுத்து ஏறுற சால்மன் மீனு மேல ஏற முடியாம ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போயி விட்டிருக்காங்க. சரிஞ்ச எடத்துலயே மீனுக்கு வழி, வண்டி போக ரோடுன்னு கட்டுனா அதுவும் சரியாதா? நம்ம வைகை முகத்துவாரத்துல மடவை, கொடுவா எல்லாம் வருது, மேல ஏற விடாம தடுப்பணை ஷட்டர் இருக்கு. இங்க மீன்வழி கேக்கலாமா, கேட்டா கரைக்கு ஆபத்து வருமா?

மண்ணு இன்ஜினியர்:
தம்பி, மீன் தவிக்கிற எடம் பெரும்பாலும் ஆறு ஒடுங்கி வேகமா ஓடுற பள்ளத்தாக்குதான், ரெண்டு பக்கமும் செங்குத்து, அடிவாரத்தை ஆறு அரிச்சுக்கிட்டே இருக்கும், அது போதாதுன்னு மெஷின் எறக்க ரோடு போடுறேன்னு சரிவோட அடியை வெட்டுனா மேல உள்ளதைத் தாங்குற மண்ணையே எடுத்துடுறோம். அதே ஃபிரேசர்ல ஹெல்ஸ் கேட்ல 1914ல ரயில் பாதை வேலையிலதான் பாறை சரிஞ்சு ஆறு ஒடுங்குச்சு, மீன்வழி வர 1940கள் ஆயிடுச்சு. அதனால மொதல்ல மேல தொங்குற பாறையைத் தட்டி எறக்கி, வலை கட்டி, பாறைக்குள்ள இரும்பு போல்ட் எறக்கி, அசைவு பாக்க கருவி வச்சுட்டுதான் கீழ ஆளை விடணும். கீழ்ப்பக்கம் இருக்குற பாலத்தையும் பாக்கணும், அடைபட்ட தண்ணி உடைச்சா அதைத்தான் அடிக்கும், 2024 ஜூலை கடைசியில ஃபிரேசர்ல கலக்குற சில்கோட்டின் ஆறு சரிவுல சில நாள் முழுசா அடைபட்டு ஆகஸ்ட் 5ல உடைச்சுக்கிட்டு ஓடுச்சு.

கண்மாய்க்கரை:
நம்ம பக்கம் மலை ஏது, ஆனா கரை சரியும்ல. வெள்ளம் நின்னு ஊறுன கரையில ஷட்டரை மளமளன்னு தூக்குனா வெளிய தண்ணி எறங்கிடும், கரைக்குள்ள ஊறுன தண்ணி அப்படியே நிக்கும், அந்தக் கனத்துல மண்ணு சரிஞ்சு உக்காந்துடும். மீன்வழிக்குன்னு கரையைக் குடைஞ்சு ஓரமா கால்வாய் எடுத்தா கசிவு உள்ள பூந்து மண்ணை இழுத்துட்டுப் போயிரும், எனக்கு அதுதான் பயம், கரைமேலதான ரோடும் கரண்ட் கம்பமும் நிக்குது.

மண்ணு இன்ஜினியர்:
சரியாச் சொன்னீங்க. அதனால கரையைத் தொடாம ஆத்துக்குள்ளயே தடுப்பணைக்குக் கீழ பாறாங்கல் அடுக்கி நீளமா சாய்வா விடச் சொல்லுங்க. சால்மனுக்குப் போடுற படி உயரம் இங்க வேணாம், கொடுவாயும் விலாங்கும் அப்படி எம்பிப் போற மீனில்ல.

ஆத்தங்கரை தம்பி:
நன்றிண்ணே. மனுவுல ஷட்டரை மெதுவா தூக்கணும்னும், வேலைக்கு முன்னாடி கரையில வெடிப்பும் கசிவும் இருக்கான்னு மண் பரிசோதனை பண்ணணும்னும் சேத்து எழுதிடுறேன். சங்கத்துக்காரங்க கிட்ட இன்னைக்கே பேசுறேன்.