கராத்தேல ஹெயான் ஷோடான் கட்டா பண்ணும்போது பிள்ளைங்களுக்கு வலது முழங்கால் மட்டும் வலிக்குது, ஏன்?

மாடி மாஸ்டர், தர்மபுரி:
வணக்கம். ஷோட்டோகான் கராத்தே கிளாஸ், வாரத்துக்கு 3 நாள், ஒன்றரை மணி நேரம். 22 பிள்ளைங்க, 8 வயசுலேருந்து 14 வரைக்கும். இடம் மொட்டை மாடி, சொரசொரப்பான சிமெண்ட் தரை, மேட் கிடையாது. அடுத்த மாசம் கிரேடிங் (பெல்ட் தேர்வு) இருக்கறதால ஹெயான் ஷோடான் கட்டா (வரிசையா பண்ற அசைவுத் தொகுப்பு) ஒரு கிளாஸுக்கு 12 தடவை ஓடுது. ரெண்டு வாரமா 6 பேர் முழங்கால் வலிங்கறாங்க, 5 பேருக்கு வலது கால்தான். ஜம்பிங் வார்ம்-அப்பை நிறுத்திப் பார்த்தாச்சு, அப்படியேதான் இருக்கு. தப்பு ஸ்டான்ஸிலா (நிக்கற நிலையிலா), தரையிலா? மேட் வாங்கினா எத்தனை எம்.எம். வாங்கணும்?

பழைய பெல்ட், கிருஷ்ணகிரி:
வலது கால்னு சொன்னீங்களே, விஷயம் அதிலேயே இருக்கு. அந்தக் கட்டாவில் 270 பாகை திரும்பற இடம் ரெண்டு. மூணாவது அகே-உகேக்கு (மேல் தடுப்பு) அப்புறம் வர்ற 10வது அசைவு, நேரா போற வரிசையில் மூணாவது ஓய்-சுகிக்கு (கால் எடுத்து வச்சுக் குத்தறது) அப்புறம் வர்ற 18வது. ரெண்டுமே வலது பாதத்தை ஊன்றி இடப்பக்கம் திரும்பறது. இடது காலை ஊன்றித் திரும்பறதில் பெரிசே 180தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10வது முடியும்போது வலது கால் பின்காலா ஆகிடும், விரல் 45 பாகை வெளியே பார்த்து நிக்கணும். அதுக்கு அந்தப் பாதம் தரையிலேயே 225 பாகை சுத்தியாகணும். பிள்ளைங்க பாதி சுத்தினதுமே பாதத்தை நிறுத்திடுவாங்க, இடுப்பு மட்டும் போய்க்கிட்டே இருக்கும். மிச்ச முறுக்கெல்லாம் முழங்காலுக்குத்தான். 18வது இன்னும் மோசம். கோகுட்சு-டாச்சியில் (பின்காலில் எடை வச்சு நிக்கறது) 70 சதவீத எடை அதே வலது காலில்தானே. ஒரு கிளாஸுக்கு 12 தடவைன்னா 24 முறுக்கு, வாரத்துக்கு 72.

சந்தேகமா இருந்தா வலி சொன்ன பிள்ளைங்களோட உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. வலது பெருவிரலுக்குக் கீழே மேடா இருக்கற இடத்தில் காசு அளவுக்குத் தோல் வழண்டு பளபளன்னு இருந்தா, முன்பாதம் தரையைக் கவ்விக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். சாக்பீஸால் 9வது அசைவில் பாதத்தைச் சுத்திக் கோடு போட்டுட்டு 10ஐ பண்ணச் சொல்லுங்க. எங்கே நின்னுச்சுன்னு அவனுக்கே தெரியும்.

சரி பண்றதுக்கு: இடது காலை வலது கணுக்கால் பக்கம் இழுத்துச் சேர்க்கணும். முட்டி லேசா மடங்கியே இருக்கட்டும். 90, 90, 90ன்னு மூணு எண்ணிக்கையில் பாதம், முட்டி, இடுப்பு மூணும் ஒண்ணாத் திரும்பணும். அப்புறம்தான் இடது காலை வெளியே வைக்கறது, கெடான்-பராய் (கீழ்த் தடுப்பு) கடைசியில. குதிகாலிலா முன்பாதத்திலாங்கறது கிளப்புக்குக் கிளப்பு மாறும், அதில் சண்டை வேண்டாம். முட்டி நேரா ரெண்டாவது விரலைப் பார்க்குதான்னு மட்டும் பாருங்க.

ஓசூர் ஷிட்டோ:
மேலே சொன்ன காரணம் சரி. கால் சேர்க்கறது மட்டும் எனக்கு ஒத்து வரலை. சேர்த்ததும் பிள்ளை நிமிர்ந்துடும், அந்தப் பழக்கம் பின்னாடி போகவே போகாது. அதுக்குப் பதிலா இடது காலை முதல்ல பின்பக்கமாவே வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கட்டும். வச்ச பிறகு இடுப்பைத் திருப்பினா எடை ரெண்டு காலுக்கும் பிரியும். இதில் வர்ற தப்பு ஒண்ணே ஒண்ணு. தோள் அகலம் விட்டு வைக்காம ஒரே கோட்டில் வச்சுடுவாங்க, திரும்பினதும் கயித்து மேல நிக்கற மாதிரி ஆடும். வைக்கற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுடுங்க.

இன்னொண்ணு, ஸ்டான்ஸ் நீளம். எங்க ஷிட்டோ-ரியூ ஸ்டைலில் இதே கட்டாவுக்குப் பேர் பினான் நிடான். நாங்க மோட்டோ-டாச்சியில் குட்டையா நிக்கறோம். பினான் வரிசையே கராத்தே ஆசான் இதோசு ஆங்கோ 1900களின் தொடக்கத்தில் ஒகினாவா பள்ளிப் பசங்களுக்காகக் கொண்டுவந்தது. பத்து வயசுப் பையனை ரெண்டு தோள் அகலத்துக்கு நீட்டி நிக்கவச்சுட்டுத் திரும்புடான்னா எப்படித் திரும்புவான்? ஒன்றரை போதும்.

பழைய பெல்ட்:
பெரிய பசங்களுக்கு உங்க முறையே நல்லது, ஒத்துக்கறேன். 8, 9 வயசுக்குப் பின்னாடி பார்க்காம கால் வைக்கவே வராது. அவங்களுக்குச் சேர்த்துத் திரும்பறதுதான். நிமிர்ந்தா நிமிரட்டும், ஒரு வருஷம் கழிச்சுத் திருத்திக்கலாம்.

மேட் ஸ்டோர்:
தரைக்கு வர்றேன். 1க்கு 1 மீட்டர், ஒண்ணோடொண்ணு கோர்க்கற ஈ.வி.ஏ. ஃபோம் மேட், 20 அல்லது 25 எம்.எம். 40 எம்.எம். ஜூடோக்காரங்களுக்கு, விழறதுக்கு. அதில் பாதம் அமுங்கி, சிமெண்டை விட மோசமா மாட்டிக்கும். குழந்தைங்க விளையாடற 10 எம்.எம். மேட்டும் வேண்டாம், ஒரு ஓய்-சுகியில் பிரிஞ்சு வந்துடும்.

6க்கு 6 மீட்டருக்கு 36 மேட். கட்டா நாலு பேர் நாலு பேரா விடலாம், மத்தவங்க ஓரமா கிஹோன் (அடிப்படைப் பயிற்சி). மாடி வெயிலில் விட்டுட்டீங்கன்னா சுருங்கி ஓரம் தூக்கிக்கும், அந்தச் சந்தில் கால் விரல் மாட்டும். கிளாஸ் முடிஞ்சதும் கழற்றி நிழலில் படுக்கவச்சு அடுக்குங்க. சுவத்தில் சாய்ச்சா வளைஞ்சுடும்.

மேட் வர்றவரைக்கும் திரும்பற பயிற்சிக்கு மட்டும் பழைய காட்டன் சாக்ஸ் போடச் சொல்லுங்க, சொரசொரப்புத் தரையில் அளவா வழுக்கும். கிரானைட் பாலிஷ் போட்ட மண்டபத்தில் இதைச் செஞ்சுடாதீங்க. நம்ம பக்கம் மண்டபம்னாலே கிரானைட்தான். அங்கே வேர்வை சொட்டினாலே வழுக்கும், காய்ஞ்ச துணியால் துடைச்சுக்கிட்டே இருக்கணும். பவுடர் போடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

ஃபிசியோ தங்கச்சி:
அண்ணா, ஆறு பேரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீங்க. 10லேருந்து 15 வயசுக்குள்ள, வேகமா உயரம் ஏறற பிள்ளைங்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கற எலும்பு மேட்டில் வலி வரும். விரலால் அழுத்தினா சரியா அந்த இடத்திலேயே வலிக்கும். குதிச்சா, உட்கார்ந்து எழுந்தா, சேய்சாவில் (முட்டி மடக்கிக் குதிகால் மேல உட்கார்றது) முட்டி போட்டா அதிகமாகும். ஆஸ்குட்-ஷ்லாட்டர்னு பேர். அது வளர்ச்சியோட வர்றது, கட்டாவைத் திருத்தினா மட்டும் போகாது. வாத்து நடை, தவளைப் பாய்ச்சல், நீளமான சேய்சா மூணையும் நிறுத்துங்க, குறிப்பா தண்டனையா கொடுக்கறதை. முறுக்கால் வர்ற வலி பெரும்பாலும் மூட்டோட பக்கவாட்டில் இருக்கும்.

வீக்கம், முட்டி நடுவில் பூட்டிக்கறது, நொண்டறது, ராத்திரி வலியில் முழிக்கறது, இதில் ஒண்ணு இருந்தாலும் கிளாஸ் வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்க. ஸ்ப்ரே அடிச்சுத் திரும்ப நிக்கவைக்கற வேலை வேண்டாம்ணா.

மாடி மாஸ்டர்:
உள்ளங்கால் பார்த்தேன். 4 பேருக்கு அந்த வழண்ட இடம் அப்படியே இருக்கு. மத்த ரெண்டு பேரும் 13 வயசு, சில்லுக்குக் கீழே தொட்டாலே கத்தறாங்க. கிரேடிங் தேதி குறிச்சாச்சு, அதுவரைக்கும் கட்டாவை எத்தனை தடவை விடலாம்?

பழைய பெல்ட்:
முழுக் கட்டா 3 தடவைக்கு மேல வேண்டாம். 1லேருந்து 9 வரைக்கும், 11லேருந்து 17 வரைக்கும் தனித்தனியா எத்தனை வேணா ஓடட்டும். 10ம் 18ம் எண்ணிக்கையில் மெதுவா, ஆளுக்கு நாலு. அந்த ரெண்டு பேரையும் இந்தக் கிரேடிங்கில் உட்கார வைக்காதீங்க, ஃபீஸ் வாங்கியிருந்தா அடுத்ததுக்கு வச்சுக்கோங்க.