புதுப்பிப்பு: வாடகை வீடு பார்க்கும்போது வீடியோ எடுப்பது

நாலைந்து வீடு பார்த்ததும் எந்தச் சமையலறை எந்த வீட்டுடையது என்றே குழம்புகிறது, வீடியோ எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீடு முடிவாகிவிட்டது.

கைகொடுத்தது, கதவு எண்ணில் தொடங்கி நிறுத்தாமல் எடுங்கள், பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போங்கள் என்ற யோசனைதான். அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். குடியிருப்பவர்களின் பொருட்களைத் தவிர்த்தேன். அகலக் கோண லென்ஸில் அறைகள் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றின, அப்புறம் சாதாரண லென்ஸுக்கு மாறினேன்.

எதிர்பாராதது சத்தம். மிகவும் பிடித்திருந்த வீட்டின் வீடியோவை இரவு ஹெட்போனில் கேட்டால், படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் மோட்டார் இரைச்சல்! நேரில் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த வீட்டை விட்டுவிட்டேன்.