பெங்களூருவில் எந்த பீர்? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம் நண்பர்களே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் மைத்துனரும் கோத்தகிரியிலிருந்து பெங்களூரு போகிறோம். அங்கே கடையிலேயே காய்ச்சி ஊற்றும் கிராஃப்ட் பீரைச் சுவைத்துப் பார்க்க ஆசை. எங்கள் மலையில் டாஸ்மாக்கை விட்டால் வேறு கதியில்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 10 ரூபாயை வாங்குவதுதான் இங்கே இருக்கும் ஒரே சுவாரசியம்.

கோதுமை பீரில் தொடங்கச் சொல்கிறார்கள். ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் வகையில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்குமாம். இரண்டையும் யாரும் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை என்று படித்ததிலிருந்து நாக்கு சும்மா இருக்கவில்லை. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ தூக்கலான ஐபிஏ வகை பீர் எனக்கு வேண்டாம், கசப்புக்கு வீட்டில் பாகற்காய் இருக்கிறது. மைத்துனருக்கோ ஸ்டவுட் என்ற கருத்த பீர் மேல்தான் கண். ராகியோ கூர்க் காபியோ சேர்த்துக் காய்ச்சும் இடம் யாருக்காவது தெரியுமா? சின்னக் கிளாஸ்களில் நான்கைந்து வகையைச் சேர்த்துத் தருவார்களா?

எம்.ஜி. ரோடு, இந்திரா நகர் பக்கம் என்றால் நல்லது. மெட்ரோவில் போய்வரலாம், குடித்துவிட்டுக் காரைத் தொடும் பேச்சே இல்லை. பாட்டில் வாங்கிவரும் எண்ணமும் இல்லை, மாநில எல்லையில் கக்கநல்லா சோதனைச்சாவடியில் யார் பதில் சொல்வது?

போகும்போது மைசூருவில் ஓர் இரவு தங்குகிறோம், அங்கேயும் நல்ல இடம் இருந்தால் எழுதுங்கள். திரும்பும் நாளில் எங்கும் நிற்க முடியாது. பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள். விலையையும் சேர்த்துச் சொன்னால் மைத்துனரிடம் பங்கு கேட்க வசதியாக இருக்கும்.