போதகர் விழுந்த பிறகும் ஜெபிக்கிறவர்கள்: சில அனுபவங்கள்

எங்கள் பாஸ்டர் விவகாரம் வெளியே வந்த அன்று எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. மனிதன்தானே என்று தோன்றியது. கோபம் வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆலோசனை கேட்டுப் போன ஒரு பெண்ணிடம் அவர் நடந்துகொண்ட விதம் சபையை நடத்தும் மூப்பர்களுக்கு முன்பே தெரியும். மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே' என்று முழுநீளப் பிரசங்கம். கேள்வி கேட்டவர்களுக்குப் 'பின்வாங்கிப் போனவர்கள்' என்று பட்டம்.

வீட்டுக்கு வந்து அந்த வசனம் இருக்கும் சங்கீதம் 105ஐ முதலிலிருந்து படித்தேன். அது ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. அபிஷேகம் பண்ணப்பட்டவர்கள் என்று அங்கே வருகிறவர்கள் ஆபிரகாமும் அவர் வம்சமும்; கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராக அலைந்தவர்கள். அதிகாரம் உள்ளவனே, ஆதரவற்றவர்மேல் கை வைக்காதே என்கிறது சங்கீதம். அதை எடுத்து, அதிகாரம் உள்ளவரைக் காப்பாற்றவும் ஆதரவற்றவளை அடக்கவும் பயன்படுத்தினார்கள்.

தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது கொல்லாமல் விட்டதையும் சொன்னார்கள். ஆமாம், கொல்லவில்லை. ஆனால் ஒளிந்திருந்த குகையை விட்டு வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, 'நான் உமக்குத் துரோகம் செய்யவில்லை, நீர்தான் என் உயிரை வேட்டையாடுகிறீர்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். 1 சாமுவேல் 24ல் இருக்கிறது. 1 தீமோத்தேயு 5லும் இதே கதைதான். மூப்பனுக்கு எதிரான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற 19ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்ற 20ஆம் வசனம் அச்சில் விட்டுப்போனதோ என்னவோ!

என் விசுவாசம் தங்கியது இப்படித்தான். சபை மூடி மறைத்ததை வேதம் மறைக்கவில்லை. தாவீது இன்னொருவன் மனைவியான பத்சேபாளிடம் போனதும், அதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி வந்ததும் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. தங்கள் ராஜாவின் அசிங்கத்தைப் பாட்டுக்குத் தலைப்பாக வைத்துப் பாடிய ஜனங்கள் அவர்கள். இந்தப் புத்தகத்தை நம்பலாம் என்று அன்றைக்குத்தான் திடமாகத் தோன்றியது.

'மனிதனைப் பார்க்காதே, இயேசுவைப் பார்' என்கிறார்களே, அது உண்மைதான். ஆனால் அதுவரை பாஸ்டரைப் பார்த்து நட என்று சொன்னவர்களே அதைச் சொல்லும்போது எரிச்சல் வருகிறது.

*

பிரதர், என்னை அரித்த கேள்வி வேறு. விழுந்துபோன எங்கள் போதகர் கையால்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அது செல்லுமா?

ஒரு வயதான போதகர் சொல்லித்தான் இது எவ்வளவு பழைய கேள்வி என்று தெரிந்தது. 303ல் ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, வட ஆப்பிரிக்காவில் சில குருமார் பயந்து வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் நடத்தும் சடங்கு செல்லாது என்று டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் பிரிந்து போனார்கள். பிஷப் அகஸ்டின் அவர்களோடு வருஷக்கணக்கில் வாதாடினார்: ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, நடத்துகிற ஆளின் அழுக்கு அதில் ஒட்டாது.

நிம்மதியாக இருந்தது. ஆனால் இதையே சாக்காக வைத்து அந்த ஆளை மறுபடி மேடையேற்றப் பார்க்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. என் ஞானஸ்நானம் செல்லும் என்பது வேறு, அவர் ஊழியத்துக்குத் தகுதியானவர் என்பது வேறு.

*

நான் சந்தேகங்களோடு திணறிய காலத்தில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிப் பேசிவந்த ரவி சக்கரியாஸின் பேச்சுகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. அவர் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில், அவர் நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை அவருடைய பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. 2017லேயே ஒரு பெண் குற்றம் சாட்டியிருந்தார். அப்போது நிறுவனம் நின்றது ரவியின் பக்கம்.

அவர் புத்தகங்களை எடுத்துப் போட்டுவிட்டேன். உயிர்த்தெழுதலை நம்ப அவர் சொன்ன காரணங்கள் அவருடைய சொந்தச் சரக்கு இல்லையே, அவருக்கு முன்பே இருந்தவை. இப்போது வேறு ஆட்களிடம் படிக்கிறேன். அவர் குரல் மட்டும் எங்காவது கேட்டால் உடனே நிறுத்திவிடுகிறேன், முடியவில்லை.

*

எங்கள் சபையில் போதகரால் பாதிக்கப்பட்டது என் தங்கை. 'மன்னித்துவிடு' என்று சொல்ல வரிசையாக வந்தார்கள். 'உனக்கு என்னம்மா நடந்தது?' என்று கேட்டவர்கள் குறைவு. போலீசில் புகார் கொடுத்ததும், விசுவாசிகள் வழக்குக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டினார்கள். அங்கே பவுல் பேசுவது அற்ப வழக்குகளைப் பற்றி. குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று ரோமர் 13ல் எழுதியதும் அதே பவுல்தான்.

நான் இப்போது வேறு சபைக்குப் போகிறேன். சேரும் முன் கேட்டேன்: போதகர்மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள்? விசாரிப்பவர்களில் வெளியாள் உண்டா? கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆலோசனை நடக்குமா? முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள், சேர்ந்தேன்.

தங்கை எந்தச் சபைக்கும் வருவதில்லை. சங்கீதம் மட்டும் படிக்கிறாள், அதுவும் 'எதுவரைக்கும், கர்த்தாவே' என்று கேட்கிற சங்கீதங்களாகப் பார்த்து. நான் அவளைக் கூப்பிடுவதில்லை. 'நீயாவது சொல்லி அழைத்து வரக் கூடாதா?' என்று கேட்கிற சிஸ்டர்களோடு சண்டை போடுகிறேன்.