கலைச்சொல் விவாதம்: கடலை நினைவூட்டும் வாசனைத் திரவியத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் அகராதியின் வரைவுக்காக, கடலை நினைவூட்டும் வாசனைத் திரவியமான ‘மெரைன் பெர்ஃப்யூம்’ என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடிவருகிறோம். முந்தைய மடல்களில் வந்த கேள்விகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> ‘மெரைன் பெர்ஃப்யூம்’ என்பதைக் ‘கடல்மணம்’ என்று சொல்லி முடித்துவிடலாமே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லின் கீழ், தம்முள் வேறான மூன்று பொருள்கள் வந்து குவிந்துவிடும் என்பதே என் தயக்கம். கடல் தானே வீசும் மணம் ஒன்று. கடலிலிருந்து கிடைக்கும் மணப்பொருள் மற்றொன்று. கடலின் ஒரு துளியும் சேராமல், கடலை நினைவூட்டும்படி ஆய்வுக்கூடத்தில் கூட்டப்படும் மணம் மூன்றாவது. கடைகளில் நீலக் குப்பிகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். நாம் பெயர் தேடுவதும் அதற்குத்தான்.

முதலாவதற்குப் புதுச்சொல் தேவையில்லை. தாவர மிதவை உயிரிகள் தம் உடலில் சேர்த்து வைக்கும் ஒரு கந்தகச் சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கையில் வெளிப்படும் டைமெத்தில் சல்பைடும், பழுப்புப் பாசிகள் இனப்பெருக்கத்தையொட்டி வெளிவிடும் டிக்டியோப்டெரீன்கள் என்னும் சேர்மங்களும், மீனிலும் இறாலிலும் உள்ள புரோமோஃபீனால்களும் கலந்ததே கடற்கரையில் நம் மூக்கை எட்டும் வாசம். இவற்றுள் டைமெத்தில் சல்பைடு செறிவாக இருந்தால் வெந்த முட்டைக்கோசைப் போல் நாறும். அதை அப்படியே யாரும் கழுத்தில் பூசிக்கொள்ள மாட்டார்கள். புலவு, கவிச்சி, வீச்சம் என்று இந்தக் கடற்கரை வாசத்துக்குத் தமிழில் சொற்கள் நிறையவே உள்ளன. சென்ற மடலில் ஒருவர் முன்வைத்த ‘உப்புமணம்’ என்பதை நான் ஏற்காததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. சோடியம் குளோரைடு ஆவியாகி மூக்கை எட்டும் பொருளன்று. உப்புக்குச் சுவை உண்டே தவிர மணம் இல்லை.

இரண்டாவதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். பழைய தொகுப்புகள் கடல்படு திரவியம் என்று ஐந்தைக் கூறும்: உப்பு, முத்து, பவளம், சங்கு, ஓர்க்கோலை. இந்த ஓர்க்கோலைதான், நாளிதழ்கள் இப்போது ‘திமிங்கல வாந்தி’ என்று எழுதும் அம்பர். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, கடலில் நெடுநாள் மிதந்து முதிர்ந்து, பிறகு மணக்கும் பொருள் அது. இந்தியாவில் அதன் வணிகத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அது கடத்தல் செய்திகளில்தான் நமக்கு அறிமுகமாகிறது. எனினும் ஓர்க்கோலை என்ற சொல்லைக் கைவிட அது காரணமாகாது. இன்றைய வாசனைத் தொழிலில் அம்பரின் இடத்தைப் பெரும்பாலும் அம்பிராக்சன் என்னும் செயற்கைப் பொருள் பிடித்துக்கொண்டது. ஆகவே அம்பர், கடற்பாசிச் சாறு போன்றவற்றைக் ‘கடல்படு மணப்பொருள்’ என்று வகைப்படுத்திவிடலாம்.

மூன்றாவதற்கு வருவோம். 1966இல் ஃபைசர் மருந்து நிறுவன வேதியியலாளர்கள் கண்டறிந்த கலோன் என்னும் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே தர்பூசணியையும் சிப்பியையும் ஈரக் காற்றையும் ஒருங்கே நினைவூட்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதிகம் பேசப்படாமல் இருந்த அது, 1988இல் அராமிஸ் நிறுவனத்தின் நியூ வெஸ்ட் வாசனைத் திரவியத்தில் துணிந்து பயன்படுத்தப்பட்டது. 1992இல் இசே மியாகேயின் லோ திசே, 1996இல் அர்மானியின் அக்வா தி ஜியோ என்று அடுத்த சில ஆண்டுகளில் அந்த மணம் உலகெங்கும் பரவியது. இத்திரவியங்களில் கடல் ஒரு கருத்தாக மட்டுமே இருக்கிறது. கலைச்சொல் அதை மறைக்கக் கூடாது.

> நெய்தல் என்ற சொல் கையில் இருக்கும்போது வேறு எதற்கு?

கேட்டவுடன் எனக்கும் இனித்தது. ஆனால் நெய்தல் முதலில் ஒரு பூ. நீர்ப்பூக்களின் மணத்தை வாசனைத் தொழில் தனியே கணக்கில் கொள்கிறது. ‘நெய்தல் மணம்’ என்று குப்பியில் எழுதினால் உள்ளே பூவா கடலா என்று கேட்க வேண்டிவரும். அன்றியும் நெய்தல் நிலத்தின் மணம் என்று நம் பாட்டு மரபு கொண்டாடுவது தாழையைத்தான்; தாழம்பூவின் தாது உதிர்ந்து பாக்கத்துத் தெருவின் புலாலை மாற்றுவதாகச் சங்கப் பாடல் ஒன்று சொல்கிறது. ஒடிசாவின் கஞ்சம் கடற்கரையில் அந்தத் தாழையிலிருந்துதான் இன்றும் அத்தர் வடிக்கிறார்கள். நெய்தல் என்ற பெயரை யாருக்கேனும் கொடுப்பதாயின் அந்த அத்தருக்கே முதல் உரிமை.

கடற்கரைச் சோலையைக் குறிக்கும் கானலைக் கொண்டு கானல் மணம் என்றால் கானல்நீர் குறுக்கே வரும். நீரியல் மணம் என்றால் நீர்வளத் துறை நினைவுக்கு வரும். ‘கடல்சார்’ என்பது பிழையன்று. அரசாணையின் வாடை அடிக்கிறது, அவ்வளவே.

என் பரிந்துரை ‘கடற்காற்று மணக்கூட்டு’ என்பது. வாசனை வல்லுநர்கள் பல பொருள்களைச் சேர்த்து ஒரே மணமாக உணரச்செய்வதை ‘அக்கார்ட்’ என்கிறார்கள். சாந்துக்கும் கலவைக்கும் நம் முன்னோர் வழங்கிய ‘கூட்டு’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. கடல் என்னாமல் கடற்காற்று என்றதற்குக் காரணம், கலோன் தருவது கரையின் கவிச்சியை அன்று, முகத்தில் வந்து மோதும் ஈரத்தின் உணர்வை. அந்த வகையைச் சேர்ந்த திரவியங்கள் அனைத்தையும் ‘கடற்காற்று வகை’ என்றே குறிக்கலாம்.

இதனோடு சேர்ந்த வினைச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைவில் ‘வாசனைத் திரவியத்தை அணிதல்’ என்று இருக்கிறது. தமிழில் நகையையும் ஆடையையும் அணிவோம். சந்தனத்தைப் பூசுவோம், பன்னீரைத் தெளிப்போம். பேச்சில் ‘சென்ட் அடித்துக்கொள்கிறோம்’. அகராதிக்கு ‘பூசுதல்’ போதும். குப்பியிலிருந்து பீச்சுவதாயின் ‘தெளித்தல்’ எனலாம்.

ஓசோன் மணம் என்று தனியாக ஒன்றைச் சொல்கிறார்களே, அதையும் இந்த வகையிலேயே அடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கலோன் இரண்டிலும் இடம்பெறக்கூடும் என்றாலும், இடிமின்னலுக்குப் பிந்திய காற்றைக் குறிக்கும் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். மாற்றுக் கருத்துடையோர் வரைவு பட்டியலில் ஏறுமுன் எழுதிவிடுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்