புதுப்பிப்பு: ஓடாத காருக்கு ஆயில் மாற்றியாச்சு

கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் அப்பச்சியின் கார் வருஷத்துக்கு 1,200 கிலோமீட்டர்கூட ஓடாதே, ஆயில் மாற்றணுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். கையேட்டிலேயே 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துதோ அது என்று இருக்கிறது. நான்தான் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தேன்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால்காப்பி நுரை மாதிரி படலம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சோ என்று வயிறு கலங்கியது. மெக்கானிக் கூலன்ட் பார்த்தார், குறையவில்லை. "கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்தா எஞ்சின் சூடேறாதுண்ணே. உள்ள வேர்க்கிற தண்ணி ஆவியாகாம ஆயில்ல கலந்துரும்" என்றார். ஃபில்டரும் மாற்றினோம்.

வாசலிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்துக்கொண்டிருந்ததுதான் பெரிய தப்பாம். இனி வாரம் ஒருதரம் காரைக்குடி தாண்டி அரைமணி நேரமாவது ஓட்டணும். அப்பச்சிக்கு அதில் ஏக சந்தோஷம்.